அப்பா வாங்கிய மார்க்

திண்டிவனத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அப்பா ஜுரத்துக்காகப் படுத்திருந்தார். துணைக்கு நான் கட்டிலருகே பாய் விரித்திருந்தேன். துணையாவது, மண்ணாங்கட்டியாவது! பின்னிரவு மூன்று மணிக்குத் 'தொப்'பென்ற சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தேன். பாத்ரூம் வாசலில் அப்பா விழுந்து கிடந்தார். நெற்றியெல்லாம் ரத்தம்.

"ஏம்ப்பா என்னை எழுப்பல்லே?" என்று பதறினேன்.

"பகல் பூரா அலைஞ்சுட்டு வந்தே. தூங்கட்டுமேன்னு பார்த்தேன்" என்றார்.

காயம் அவருக்கு, வலி எனக்கு.

மறுநாள் விக்கிரவாண்டி வழியாக, ஏறக்குறைய 40 கிலோமீட்டர், விழுப்புரத்துக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உள்ளே அடி இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அங்கே அப்பாவைப் படுக்கையில் விட்டதும், ஒரு நர்ஸ் பெண் காகிதமும் கையுமாக வந்தாள். ஆறே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மார்க். அப்பா 35 வருஷம் பிள்ளைகளுக்கு மார்க் போட்ட வாத்தியார். நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சமீபத்தில் விழுந்ததுண்டா? உண்டு: 25. ஒரு வியாதிக்கு மேல் உண்டா? ஜுரத்தோடு சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்: 15. கையில் டிரிப்ஸ் ஊசி? 20. நடையில் தளர்ச்சி? 10. எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்? "கட்டில், நாற்காலி, எது கைக்குக் கிடைக்கிறதோ அது" என்றேன். 30. ஊன்றுகோல் வைத்திருந்தால் 15தானாம். நர்ஸ் கையைப் பிடித்து அழைத்துப் போனால் சைபர்!

கடைசியாக, "ஐயா, தனியா எழுந்து பாத்ரூம் போயிடுவீங்களா?" என்று கேட்டாள்.

"தாராளமா!" என்றார் அப்பா.

அவள் சிரித்துக்கொண்டே 15 போட்டாள். தன் பலத்துக்கு மிஞ்சிய நம்பிக்கைக்கும் அதில் மார்க் உண்டு. மொத்தம் 125க்கு 115.

"பரவாயில்லையே!" என்றார் அப்பா.

"இதிலே குறைச்சலா வாங்கினவங்கதான் பாஸ், ஐயா. 45 ஆனாலே ஆபத்து" என்றாள்.

ஜானிஸ் மார்ஸ் என்ற நர்ஸிங் ஆராய்ச்சியாளர், வேறு இருவருடன் சேர்ந்து 1989-இல் கனடா நாட்டுப் பத்திரிகை ஒன்றில் வெளியிட்ட அளவுகோல் அது. உலகில் ஆண்டுதோறும் கீழே விழுந்து இறப்பவர்கள் சுமார் 6,84,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. விழுவதை விதி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அதை முன்கூட்டியே ஓரளவு எடைபோடலாம் என்பது புதுச் செய்தி.

மார்க் போட்டதோடு அவள் போய்விடவில்லை. கட்டிலைத் தாழ்த்தினாள். செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். அழைப்பு மணியைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். இரவில் சிறு விளக்கு எரியட்டும் என்றாள். இவற்றைச் செய்யாவிட்டால் 115 என்பது வெறும் எண்தானே?

ஆனாலும் அந்தக் காகிதத்தில் ஒரு கேள்வி குறைகிறது என்று எனக்குத் தோன்றியது. 'பிறரைச் சிரமப்படுத்தக் கூச்சப்படுகிறவரா?' என்று கேட்டிருக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேரும் அதில் முழு மார்க் வாங்குவார்கள். அப்பாவைத் தள்ளியது வழுக்கும் தரையுமல்ல, சர்க்கரையுமல்ல. என் தூக்கத்தின்மீது அவருக்கு இருந்த கரிசனம்.

அன்றிரவு இரண்டு மணி இருக்கும். என் தோளை ஒரு கை அசைத்தது. அப்பா படுத்தபடியே இருந்தார்.

"டேய், எழுந்திரு. நர்ஸைக் கூப்பிடு. சைபர் வாங்கணும்."