அச்சில் ஏறுமுன்

எங்கள் அம்பாறைக் கரைக்குப் புகையிரதப் பாதை வரவில்லை. 1928இல் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அறுகம்பேயில் இருப்பவர் ரயிலேற மட்டக்களப்புக்கோ பதுளைக்கோதான் போகவேண்டும். சிறுவயதில் ரயிலுக்காக நான் அழுத கதையை உம்மா சொல்லக் கேட்டிருந்த மகன், வெளிநாட்டிலிருந்து 1:87 அளவிலான அமெரிக்க மாதிரி ரயிலொன்றை அனுப்பியிருந்தான்.

சரக்குப் பெட்டிகள் வளைவுதோறும் தடம்புரண்டன. பிளாஸ்டிக் சில்லுகளில் திரண்ட அழுக்குத் தண்டவாளத்திலும் அப்பியிருந்தது. அவசரப்பட்டு உலோகச் சில்லுகளை வரவழைத்தேன். பளபளப்பைப் பார்த்தேன், அச்சின் நீளத்தைப் பார்க்கவில்லை. நீண்ட அச்சு சட்டத்தில் இறுகிச் சுழல மறுத்தது.

இரண்டாம் முறை, பழைய அச்சை முனைக்குமுனை அளந்தேன். விட்டத்தையும் கணக்கிட்டேன்: 33 அங்குல நிஜச் சில்லு 9.6 மில்லிமீற்றராகும், 36 அங்குலம் 10.5 ஆகும். ஒரு பக்கச் சில்லாவது அச்சிலிருந்து மின்காப்புப் பெற்றிருக்கிறதா என்றும் பார்த்தேன். இல்லையேல் இரு தண்டவாளங்களும் அச்சுவழியே இணைந்து குறுஞ்சுற்று ஏற்படும்.

அச்சில் ஏறுமுன் சரிபார் என்று இளம் நிருபர்களுக்கு ஆயுள் முழுதும் சொல்லிவந்தவன் நான். இந்த அச்சுக்கும் அதுதான் விதி.

நேற்றிரவு மகன் தொலைபேசியில் கேட்டான்: "ஓடுதா வாப்பா?"

"ஓடுது மகன்" என்றேன். இம்முறை அது சரிபார்த்த செய்தி.