எல்லைக் கோட்டைத் தொட்ட பந்து

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்ற குடும்பங்கள் தமிழ்நாட்டுக்குப் புறப்படுவதற்குக் காரணங்கள் மூன்றே: திருமணம், இழவு, மருத்துவமனை. காண்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போய்வரும் வழக்கம் நம்மிடையே அருகிவிட்டது. சென்ற இடத்தில் உறவினர் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, காப்பி அருந்தி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே திரும்பிவிடுகின்றோம். நம் பிள்ளைகளின் நினைவில் சென்னை என்பது பந்தற்காலும் மருந்து நெடியுமாகவே நிற்கின்றது.

இவ்வாண்டு அதனை மாற்றுவதென்று என் இல்லத்தில் தீர்மானமாயிற்று. ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் மகள், தொலைக்காட்சியில் விம்பிள்டன் ஆட்டங்களை விடாது பார்ப்பவள். "சென்னையிலயும் பெரிய டென்னிஸ் ஸ்டேடியம் இருக்குதாமேப்பா, ஒரு நாள் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டாள். கோப்புகளில் குறிப்பெழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? அன்றிரவே ஒரு தாளை எடுத்துக் கோடு கிழித்து, நேரம், இடம், செலவு என்று மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதத் தொடங்கினேன். ஒரு நாள் தற்செயல் விடுப்பு, பயணிகள் மூவர், கட்டுச்சோறு புளியோதரையும் தயிர்ச்சோறும். இதற்கு இல்லத்தரசியின் ஒப்புதலும் பெறப்பட்டது.

பாகாலாவில் வாழ்பவனுக்கு இரயில் வழி சொல்லித் தரவேண்டியதில்லை. திருப்பதிக்கும் காட்பாடிக்கும் இடைப்பட்ட 104 கிலோமீட்டர் இருப்புப்பாதையில், தர்மாவரம் பாதை பிரிகின்ற சந்திப்பு நம் ஊர். விடியற்காலையில் வண்டியேறிச் சித்தூர் வழியாகக் காட்பாடி. அங்கே மாறிச் சென்னை சென்ட்ரல். எதிர்ப்புறத்துப் பூங்கா நிலையத்தில் மின்சார வண்டி ஏறினால் எழும்பூர், சேத்துப்பட்டு, அடுத்து நுங்கம்பாக்கம்.

நுங்கம்பாக்கத்துக்கும் நம் நிலையத்துக் கடிகாரத்துக்கும் பழைய உறவு உண்டென்பதைப் பலர் அறியார். கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் அங்கே ஒரு வானாய்வுக் கூடம் அமைத்தனர். அதன் கணிப்பிலிருந்து பிறந்த 'சென்னை நேர'த்தையே இந்திய இருப்புப்பாதைகள் நெடுங்காலம் பின்பற்றின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியப் பொது நேரம் வரும்வரை அதுவே வழக்கு. நம் பாதை போடப்பட்ட காலத்தில் இங்கு வந்து நின்ற வண்டிகளெல்லாம் நுங்கம்பாக்கத்து மணிக்கே கட்டுப்பட்டவை. இன்று வானிலை மையம் இயங்கும் அக்கல்லூரிச் சாலை வளாகத்தை வெளியிலிருந்தேனும் மகளுக்குக் காட்டிவிட வேண்டுமென்று தாளில் குறித்துக்கொண்டேன்.

முதலிடம் அவள் விரும்பிய அரங்கத்துக்கே. 1995-இல் சென்னையில் நடைபெற்ற தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டி எழுந்தது அது. 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் உலக ஆடவர் அங்கே மட்டை பிடித்தனர். அதன்பின் அப்போட்டி புனே நகருக்குப் பெயர்ந்தது. லியாண்டர் பயசும் மகேசு பூபதியும் இணைந்து ஐந்து முறை இரட்டையர் பட்டம் பெற்றது இங்கேதான். சுவிட்சர்லாந்தின் வாவ்ரிங்கா நான்கு முறை வென்றார். 2008-இல் நடால், தம் நாட்டவரான மோயாவுடன் அரையிறுதியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் போராடி வென்றார். மறுநாள் இறுதியாட்டத்தில் களைத்துப்போய், யூழ்னியிடம் ஒரே ஒரு ஆட்டம் மட்டும் எடுத்துத் தோற்றார். வெற்றிக்கும் விலையுண்டு என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் நடந்த மகளிர் போட்டியில் பட்டம் வென்ற செக் நாட்டு லிண்டாவுக்கு வயது பதினேழு என்றதும், பதினான்கு வயதுடைய என் மகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

அருகிலேயே 1925-இல் தொடங்கப்பெற்ற இலயோலாக் கல்லூரி. இராமநாதன் கிருஷ்ணனும் விஜய் அமிர்தராசும் பயின்ற இடம். 1960, 1961 ஆகிய ஈராண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற கிருஷ்ணன் பிறந்தது 1937-இல் நாகர்கோவிலில். அந்நாளில் அது திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்து ஊர். 1956-இல்தான் தமிழ்நாட்டுடன் இணைந்தது. தென்னெல்லையில் பிறந்தவரின் கதையை வடவெல்லையில் வளரும் பிள்ளைக்குச் சொல்வதில் எனக்கொரு தனி விருப்பம்.

இவ்வளவும் அவளுக்காக. எனக்காக ஓரிடம் வைத்திருக்கின்றேன். அரங்கத்திலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில், பழைய நுங்கம்பாக்கம் ஏரி இருந்த நிலப்பரப்பில், 1976-இல் திறக்கப்பெற்ற வள்ளுவர் கோட்டம். திருவாரூர்த் தேரை நினைவூட்டும் கற்றேர் பலருக்கும் தெரியும். நான் காட்ட விழைவது குறள் மணிமாடத்தை. 1330 குறட்பாக்களும் அங்கே கல்லில் உள்ளன.

என் மகள் தமிழ் பேசுவாள், படிக்க அறியாள். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் இந்தியும் பயில்கின்றாள். அவளிடம் ஓர் ஒப்பந்தம் பேசினேன்: அரங்கத்துக்கு நான் அழைத்துச் செல்வேன், கோட்டத்தில் அவள் ஒரே ஒரு குறளைத் தானாகப் படிக்க வேண்டும். இசைந்தாள். மாலைதோறும் அரைமணி நேரம் சிலேட்டும் குச்சியுமாக அமர்கின்றோம். மூன்றாம் நாளே கேட்டாள்: "தெலுங்குல நாலு 'க' இருக்குது. தமிழ்ல ஒண்ணுதானா? அப்புறம் எப்படிப்பா பிரிச்சுப் படிக்கிறது?" "இடம் பார்த்துப் படிக்கணும்மா. கடல்ல ஒரு மாதிரி, தங்கத்துல ஒரு மாதிரி. எழுத்து ஒண்ணுதான்" என்றேன். சற்று யோசித்துவிட்டு, "நம்ம மாதிரியா? வெளியில தெலுங்கு, வீட்டுல தமிழ்" என்றாள். எனக்கு மறுமொழி எழவில்லை.

வேங்கடத்தைத் தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் கூறுகின்றது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனுள் அடங்கிற்று. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது. நம் பகுதி இங்கேயே நின்றது. இதில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. சோறிட்ட மண் இது. அண்டை வீட்டாரின் தெலுங்கு, காதுக்கு இனிய மொழி. ஆயினும் ஒரு தலைமுறை பேசி, அடுத்தது புரிந்துகொண்டு, அதற்கடுத்தது மறந்துவிடும் என்ற கணக்கை நம் வீடுகள் பலவற்றிலும் காண்கின்றேன். என் வீட்டில் அக்கணக்கு எங்கே நிற்கப்போகிறது என்பதே என் கவலை.

டென்னிஸில் ஒரு விதி உண்டு. எல்லைக் கோட்டைச் சிறிதளவேனும் தொட்டு வீழ்ந்த பந்து, உள்ளே வீழ்ந்ததாகவே கொள்ளப்படும். நாமும் கோட்டின்மேல் வீழ்ந்தவர்களே. தொடுதல் மட்டும் விட்டுப்போகாதிருக்க வேண்டும். அதற்கு ஒரு குறள் போதுமா என்று கேட்பீர்கள். தொடங்குவதற்குப் போதும்.

தாளில் பயண நாள் மட்டும் இன்னும் நிரப்பப்படவில்லை. மகள் மெய்யெழுத்துகளை முடித்ததும் குறிப்பதாக இருக்கின்றோம். உடன்வர விரும்பும் குடும்பங்கள் வரலாம். கட்டுச்சோறு அவரவர் பொறுப்பு. பிள்ளைக்கு ஒரு குறள் என்பது மட்டும் பொது நிபந்தனை.