வலி தந்த சாந்தி

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டுடன் மூன்று மாதம் கிடந்தேன். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தோடு, "எல்லாம் நன்மைக்கே!" என்ற ஆறுதலையும் வைத்துவிட்டு, இரண்டு கால்களாலும் நடந்து போனார்கள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்! ஞாயிறுதோறும் மாதாகோயிலுக்குப் போகிறவள்தான் நான். ஆனால் ஜெபிக்க வாய் வரவில்லை.

ஒரு சிநேகிதி மட்டும் ஒன்றும் பேசாமல் ஒரு புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள். 'ரோஸ் ஃபிரம் பிரையர்'. எழுதியவர் டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

அயர்லாந்தில் பிறந்து, 1895-ல் இந்தியா வந்து, நெல்லைச் சீமையில் எத்தனையோ குழந்தைகளுக்கு அம்மாவானவர். 1931-ல் களக்காட்டில் குழியில் விழுந்து கால் ஒடிந்தது. 1951-ல் கண் மூடும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே வாசம்.

சுகமாயிருப்பவர்கள் எழுதிய ஆறுதல் அவருக்கும் ஒட்டவில்லையாம்! ஆகவே, நோயாளியாக இருந்தே நோயாளிகளுக்கு எழுதினார். குணம் வேண்டினார், கிடைக்கவில்லை. ஆனாலும் ஆண்டவரோடு பிணங்கவில்லை. தம் கல்லறைக்குக் கல்கூட வேண்டாமென்றார். இன்று அங்கே இருப்பது பறவைகளுக்கான தண்ணீர்த் தொட்டிதான்.

அன்றிரவு வெகுநாளைக்குப் பின் ஜெபித்தேன். "குணமாக்கும்" என்றல்ல, "கூட இரும்" என்று. வலி போகவில்லை, தூக்கம் வந்தது.

இன்றும் மாடிப்படி ஏறினால் கால் சுருக்கென்கிறது. ஆனால், நோயாளியைப் பார்க்கப் போனால் நான் உபதேசம் செய்வதில்லை. சும்மா பக்கத்தில் உட்காருகிறேன். நீங்களும் உட்கார்ந்து பாருங்களேன்!