வியாழக்கிழமை மாத்திரை

பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். எங்கள் பத்தாம் வகுப்பில் பூ எது, நார் எது என்பது வியாழக்கிழமை மதியம்தான் தெரியவரும். அன்றுதான் இரும்புச்சத்து மாத்திரை தரும் நாள்.

நீல நிறத்தில் சிறிய மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டது. அது எங்கள் கைக்கு வருமுன்பே, "வாந்தி வரும்டி" என்ற சொல் பெஞ்சு பெஞ்சாக வந்து சேர்ந்துவிடும். ஒருத்தி முகம் சுளித்தால் நால்வருக்குக் குமட்டும். சிஸ்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாலும், நாக்குக்கு அடியில் ஒளிக்கும் வித்தையைக் கற்றுத்தரத் தோழிகள் இருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் செம்பருத்திச் செடிக்கு இரத்தசோகை வரவே வராது!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. மூவர் அமரும் பெஞ்சில் ஏறக்குறைய இருவர்! படியேறினால் மூச்சு வாங்குவதையும் பாடவேளையில் கண் சொக்குவதையும் வீட்டில் சோம்பல் என்றே சொல்கிறார்கள்.

வெறும் வயிற்றில் விழுங்கினால் சிலருக்குக் குமட்டும் என்பது உண்மையே. பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து முதல் பஸ்ஸில் வருவோர் பலர் காலையில் சாப்பிடுவதில்லை. மெலிய வேண்டும் என்று தோழி சொன்னதற்காக மதியச் சோற்றையும் மிச்சம் வைப்போர் உண்டு.

2005-இல் அமெரிக்காவில் கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க் என்ற இருவர் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். தனியே ஆடியதைவிட, நண்பர்கள் பார்த்திருக்கையில் எங்கள் வயதினர் அதிக ஆபத்துக்குத் துணிந்தார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் அவ்வளவாக இல்லை. மாத்திரையை எறிவதற்கும் பார்க்க ஆள் வேண்டும் போலும்.

சென்ற ஆண்டு காலை வழிபாட்டில் எங்கள் தோழி ஒருத்தி மயங்கி விழுந்தாள். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8 என்று வந்தது. அதன்பின் அவளுடைய மூன்றாம் பெஞ்சில் ஒரு வழக்கம் தொடங்கியது. மூவரும் வயிறாரச் சாப்பிட்டு, ஒன்றாக மாத்திரை விழுங்கி, ஆளுக்கொரு நெல்லிக்காய் கடிப்பார்கள். நெல்லிக்காய் இரும்பு உடலில் சேர உதவும், தேநீர் தடுக்கும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் அல்லவா எங்கள் ஊர்!

யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. ஆனால் தீபாவளி விடுமுறை முடிந்து வந்தபோது நான்கு பெஞ்சுகள் நெல்லிக்காய் கேட்டன. நெல்லிக்காய்க்காக மட்டும் கை நீட்டுவோரும் உண்டு. முதலில் மாத்திரை, பிறகே காய் என்பது மூன்றாம் பெஞ்சின் சட்டம்.