தொட்டியத்துக் கடைவீதியில் கேட்ட மொழி

திருச்சியிலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில், முசிறிக்கு அப்பால், காவிரியின் வடகரையில் வாழைத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ள ஊர் தொட்டியம். பங்குனியில் மதுரை காளியம்மன் திருவிழா இங்கே பெயர் பெற்றது; தேரைத் தோளில் சுமந்து வருவர். அதனைக் காணச் சென்ற நமது செவியை ஈர்த்ததோ, வீதியோரம் பாசிமணி விற்ற நரிக்குறவர் குடும்பமே. விலை கேட்டோரிடம் சரளமான தமிழ்; தங்களுக்குள் நாம் அறியாத ஒரு மொழி.

அதனை ஏதோ கலப்படப் பேச்சென்று எள்ளுவோர் உளர். அறியாமையே அது! அதன் பெயர் வாக்ரி போலி. 'போலி' என்பதற்குத் தமிழ்ப் பொருள் கொள்ளலாகாது. பேச்சு என்பதே அதன் பொருள். குஜராத்தி, மராத்தி முதலியவற்றோடு உறவுடைய இந்தோ-ஆரிய மொழி இது. தனக்கென எழுத்தில்லை. இம்மொழியை ஆராய்ந்து ஜி. சீனிவாச வர்மா எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-ல் வெளியிட்டது.

எழுத்தில்லா மொழிக்கு இலக்கணம் காண்பது எளிதன்று. பேசுவோர் அருகமர்ந்து, ஒரே சொல்லைப் பன்முறை சொல்லக் கேட்டு, ஒலி ஒலியாகக் குறித்து, எந்த ஒலி மாறினால் பொருள் மாறுகிறதெனத் தேர்தல் வேண்டும். நரிக்குறவரிடமோ இன்னொரு சங்கடம்: தமிழில் வினவினால் தமிழிலேயே விடை வந்துவிடும்! கனடாவில் பிறந்த எமனோ 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, நீலகிரித் தோடர், கோத்தர் மொழிகளை எழுதிக்கொண்டார். அவருடைய தோடர் பாடல் தொகுதி வெளிவந்ததோ 1971-ல். முப்பத்து மூன்றாண்டுப் பொறுமை! பேச்சுத் தமிழாகிய கொடுந்தமிழுக்கும் இலக்கணம் வகுத்த நம் வீரமாமுனிவரை வாசகர் இங்கு நினைவுகூர்வர்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை குன்றி, மணி வணிகமே இவர்தம் பிழைப்பாயிற்று. கண்ணியும் வலையும் கைவிட்டுப் போனால், அவற்றின் பெயர்கள் யார் நாவில் தங்கும்? முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொண்டாலன்றி அவை மீளா.

நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கல்விக்கும் வேலைக்கும் அது வழி திறக்கும். ஆயின் பள்ளியில் பிள்ளைகள் பயில்வது தமிழும் ஆங்கிலமும். வாக்ரி போலியை அவர்கள் இன்றும் தாயின் வாய்மொழியாகவே கற்கின்றனர்.