நீர்வழிச் சீட்டு

கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனத்திற்குப் படிக்கச் சென்ற நாளில், பையிலிருந்த பேருந்துச் சலுகை அட்டையே நமக்குக் கல்விச்சாலையின் திறவுகோல். அதனை மறந்து சென்ற ஒருநாள் பாதிவழியில் இறக்கிவிடப்பட்டு நடந்தோம். தேர்வில் ஒரு மணி நேரம் போயிற்று.

அந்நினைவு அண்மையில் கொச்சியில் மீண்டது. 2023 ஏப்ரலில் அங்குத் தொடங்கிய வாட்டர் மெட்ரோவில், உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வைப்பின் தீவுக்குப் படகேறினோம். தொடங்கியபோது தனிச்சீட்டு 20 ரூபாய். வாரச் சீட்டோ 180 ரூபாய்க்கு 12 பயணம். மாதச் சீட்டு 600 ரூபாய்க்கு 50. மும்மாதச் சீட்டு 1500 ரூபாய்க்கு 150. கணக்கிட்டால் ஒரு பயணம் முறையே 15, 12, 10 ரூபாய். சலுகை, ஒருநாள் சுற்ற வந்த நமக்கன்று. நாள்தோறும் கரை கடப்போருக்கே. அதுவே அறம். அருகே ஒரு மாணவி அலையைப் பாராது பாடநூலில் ஆழ்ந்திருந்தாள்.

நம் மரக்காணம் பக்கம் வரும் பக்கிங்காம் கால்வாயிலும் முன்னாளில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் சென்றன. இன்று அங்கே பயணப் படகுமில்லை, சீட்டுமில்லை. நீர் மட்டும் இருந்தால் வழியாகிவிடாது. ஏழை மாணவன் கையில் அதற்கொரு சீட்டும் இருத்தல் வேண்டும். நடந்து தேர்வெழுதிய நாம் இதனை அறிவோம்.