வலது பக்கத் துளை

உங்கள் வீட்டில் டெஸ்டர் இருக்கிறதா? கைப்பிடிக்குள் குட்டி நியான் விளக்கு வைத்த ஸ்க்ரூ டிரைவர். இல்லையென்றால் வாங்கிவிடுங்கள். ஒரு வேளை ஓட்டல் டிபனைவிட மலிவு.

மூன்று துளை பிளக் பாயின்ட்டை நேராகப் பாருங்கள். மேலே இருக்கும் பெரிய துளை எர்த். கீழே வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். இந்தியாவில் இதுதான் முறை. சுவிட்சைப் போட்டுவிட்டு டெஸ்டரை வைத்தால் வலது பக்கம் மட்டும்தான் எரிய வேண்டும். (உள்ளே மூடி வைத்த புது மாடல் என்றால் குத்திக் குடையாதீர்கள், எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.)

சில வீடுகளில் இடது பக்கம் எரியும். ‘எங்க வீட்ல எல்லாம் நல்லாத்தானே ஓடுது’ என்பீர்கள். ஓடும். சிக்கலே அதுதான். நமக்கு வருவது விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிற 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். எந்தக் கம்பி எந்தப் பக்கம் என்று மிக்ஸி கவலைப்படாது. சட்னி அரைத்துக் கொடுத்துவிடும்.

கவலைப்பட வேண்டியது நீங்கள். நியூட்ரல், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்திலேயே பூமியோடு இணைக்கப்பட்ட கம்பி. தரையில் நிற்கும் நமக்கு அதனால் பெரிய ஆபத்தில்லை. ஃபேஸ் அப்படி அல்ல. அதைத் துண்டிக்கத்தான் சுவிட்ச். இரண்டும் இடம் மாறிவிட்டால் சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்கும். பல்பு சமர்த்தாக அணையும். ஆனால் ஹோல்டர்வரை 230 வோல்ட் வந்து காத்திருக்கும். ‘அணைச்சாச்சு’ என்று நம்பி, இரும்பு ஸ்டூலில் வெறுங்காலோடு ஏறி பல்பு மாற்றுகிற ஆளுக்காக.

அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக மினுக்குகிறதா? இதைச் சந்தேகப்படலாம். இண்டிகேட்டர் வைத்த சுவிட்சாலும் மினுக்கும். எப்படியும் பேய் இல்லை.

இதைவிட மோசமான ஒன்றை எனக்குத் தெரிந்த ஒரு பழைய ஃபிளாட்டில் பார்த்தேன். அங்கே எர்த் கம்பியே இழுக்கவில்லை. யாரோ ஒரு புத்திசாலி பிளக் பாயின்ட்டுக்கு உள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டு ஒயர் போட்டு ‘எர்த் குடுத்தாச்சு’ என்று போயிருக்கிறார். வருடக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு பெயின்ட் அடிக்க போர்டைக் கழற்றி மாட்டியபோது ஃபேஸும் நியூட்ரலும் மாறிவிட்டன. சிவப்பு, கறுப்பு, பச்சை என்று இருக்க வேண்டிய ஒயர்கள் எல்லாம் அங்கே ஒரே நிறம்! விளைவு, ஃபேஸ் அந்தத் துண்டு ஒயர் வழியாக நேரே ஃபிரிட்ஜின் உடம்புக்கு. சுவிட்சை அணைத்தாலும் போகாது. ஃபிரிட்ஜ் மட்டும் வழக்கம்போல ஐஸ் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த வீட்டு அம்மாள் ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் ‘சுர்ருனு இருக்கு’ என்பதோடு போயிற்று. கூப்பிட்டு வந்த எலெக்ட்ரீஷியன், “லைட் எரியுது, ஃபிரிட்ஜ் ஓடுது, அப்புறம் என்ன சார்?” என்றார். எர்த் துளையில் டெஸ்டரை வைக்கச் சொன்னேன். பளிச்சென்று எரிந்தது. அப்புறம் பேசவில்லை.

எம்.சி.பி. இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது ஒயரைக் காப்பாற்ற. மனிதரைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போகிற மின்சாரத்துக்கும் திரும்பி வருவதற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே கண்சிமிட்டும் நேரத்தில் துண்டித்துவிடும். கம்பிகள் மாறியிருந்தாலும் வேலை செய்யும். ஆனால் ‘டெஸ்ட்’ பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அந்தப் பட்டன் மேல் ஒட்டடைதான் இருக்கிறது.

இடது பக்கம் எரிந்தால் நீங்களே திறக்காதீர்கள். கோளாறு அந்த பாயின்ட்டிலா, போர்டிலா, தெருக் கம்பத்திலேயா என்று வந்தவர் முதலில் கண்டுபிடிக்கட்டும். கம்பத்தில் மாறியிருந்தால் வீடு முழுக்க மாறியிருக்கும். எர்த் துளை எரிந்தால் மட்டும் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கிற மெயினை உடனே அணையுங்கள். ஃபிரிட்ஜில் பால் கெட்டால் கெடட்டும்.